கடல் ஏறினால் கண்டல் பெருகத்தானே செய்யும்?

2025 மார்ச் 4
(ஒருவர் கேட்டது, அப்படியே போடுகிறேன்.)
"கடல் உயருது, கடலோரக் காடு சாகுதுன்னு ஆளாளுக்குப் பயங்காட்டுறீங்க. கண்டல் உப்புத் தண்ணியில வளர்ற மரம்தானே? கடல் ஏறினா அதுக்கு இடம் கூடும், காடு பெருகும். இதுல அழ என்ன இருக்கு? அதுவும் மஸ்கெலியாவுல நாலாயிரம் அடி உசரத்துல கம்பளியைப் போத்திக்கிட்டு இருக்கிற உங்களுக்கு எதுக்குக் கடல் கவலை?"

2025 மார்ச் 4, இரவு
பாதி சரி. அந்தப் பாதியை ஒத்துக்கொண்டுவிட்டே சண்டைக்கு வருகிறேன்.

கண்டல், கண்ணா, தில்லை எல்லாம் உப்பைத் தாங்கும். கடல் உள்ளே வந்தால் அவையும் பின்னாலேயே உள்ளே நகரும். ஆனால் கடலோரக் காடு என்றால் கண்டல் மட்டும்தானா? கண்டலுக்குப் பின்னால், ஒரு முழம் மேட்டில், நல்ல தண்ணீர் குடித்து நிற்கிற மருது, நாவல், புளி, பாலை எல்லாம் எந்தக் கணக்கில் சேர்த்தி? கண்டல் நகர்கிறது என்றால் யாரோ ஒருவர் இடத்தைப் பிடித்துத்தானே நகர்கிறது?

கம்பளி விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா இருப்பது முல்லைத்தீவுப் பக்கம், ஒரு களப்பு (கடலோர உப்பங்கழி) ஓரம். 77லும் 83லும் கலவரத்தில் அடிபட்டு மலையை விட்டு வன்னிக்குப் போன சனத்தில் எங்கள் வீட்டிலும் பாதி போயிற்று. நான் இங்கேயே தங்கிவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் சின்ன ஆறு ஒன்று களப்பில் விழுகிற இடத்தில் பெரிய மருதமரம் ஒன்று நிற்கிறது. நாலு வருடமாக அது உச்சியிலிருந்து பட்டுக்கொண்டே வருகிறது. கவலை அங்கிருந்து வந்தது, புத்தகத்திலிருந்து இல்லை.

2025 மார்ச் 6
உப்பு மரத்தை எப்படிக் கொல்லும் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன்.

27 வருடம் தோட்டத்தில் தவறணைப் பொறுப்பில் இருந்தவன் நான். 1998 பெப்ரவரி, நல்ல வெயில் காலம். தேயிலைக் கன்றுக்கு உரத்தைக் கரைத்து ஊற்ற வேண்டும். ஒரு வாளிக்கு ஒரு பேணி (தகரக் குவளை) என்பது கணக்கு. அன்றைக்கு நான் வேறு ஏதோ யோசனையில் இரண்டு பேணி போட்டுக் கலக்கிக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் ஊற்றிவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் போனால் இலை ஓரமெல்லாம் டீக்கறை பட்ட மாதிரி பழுப்பு. நடு இலை பச்சையாகத்தான் இருக்கிறது, ஓரம் மட்டும் கருகியிருக்கிறது. பையைக் கிழித்து மண்ணைப் பிசைந்து பார்த்தேன். ஈரம் சொட்டுகிறது. ஈர மண்ணுக்குள் கால் வைத்துக்கொண்டு கன்று தாகத்தில் சாகிறது.

இதில் மர்மம் எதுவும் இல்லை. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டால் தண்ணீர் விட்டுச் சுருங்குகிறது அல்லவா? வேரைச் சுற்றி உப்பு கூடினால் அதே கதைதான். வேர் தண்ணீரை இழுக்க முடியாமல் திணறும். கொஞ்சம் இழுத்தாலும் தண்ணீரோடு உப்பும் ஏறும். இலை வழியே தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு இலை ஓரத்தில் தங்கிச் சேரும். அதனால்தான் ஓரம் முதலில் கருகுகிறது.

அன்றைக்கு நான் கவனித்தது இன்னொன்றும் உண்டு, அதன் அர்த்தம் பல வருடம் கழித்துத்தான் பிடிபட்டது. எட்டு மாதக் கன்றுகள் இலையை உதிர்த்துவிட்டுத் திரும்பத் துளிர்த்தன. அப்போதுதான் வேர் விட்டிருந்த சின்னக் கன்று ஒன்றுகூடத் தேறவில்லை. துரை வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

2025 மார்ச் 7
யாழ்ப்பாண நண்பருக்கு: எங்கள் பக்கம் தவறணை என்றால் கன்று வளர்க்கிற இடம். உங்கள் ஊர்க் கள்ளுத் தவறணை இல்லை. "27 வருசம் தவறணையில இருந்தும் நிதானமா எழுதுறீங்களே" என்று கேட்டதற்கு நன்றி. வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன், இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

2025 மார்ச் 15
உப்பு ஒரே நாளில் ஏறினால் என்ன நடக்கும் என்பதை 2005 பெப்ரவரியில் நேரில் பார்த்தேன். அப்போது வன்னிக்குப் போகிற ஏ9 பாதை திறந்திருந்தது. சுனாமி முடிந்து இரண்டு மாதம். அக்கா வீட்டில் ஆள் சேதம் இல்லை. களப்பின் முகத்துவாரம் வழியே ஏறிய தண்ணீர் வளவுக்குள் இடுப்பளவு நின்று வடிந்திருக்கிறது.

பலா, மாமரம், முருங்கை மூன்றும் பழுப்பு. முருங்கை இலையைக் கொட்டிவிட்டது. பலா மட்டும் செத்த இலையைக் கொட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றது. காற்றடித்தால் கடதாசி மாதிரி சத்தம் போடும், ராத்திரியில் அந்தச் சத்தத்தில் தூக்கம் வராது. பனைக்கும் தென்னைக்கும் ஒன்றும் ஆகவில்லை. மருது அரைவாசி இலையை உதிர்த்தது, அந்த வருட மாரி மழைக்குப் பிறகு துளிர்த்துவிட்டது.

கிணற்றில் ஒரு தப்பு நடந்தது. உப்பை எடுக்கிறோம் என்று மெஷின் வைத்து நாள் கணக்காக இறைத்தார்கள். இறைக்க இறைக்க உப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. கடலோர மண்ணுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது, எண்ணெய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பதை வேகமாக உறிஞ்சினால் கீழே இருப்பது கூம்பாக மேலே வந்துவிடும். கடைசியில் கிணற்றைக் கழுவியது மழைதான்.

அப்போது மருது பிழைத்ததையும் இப்போது பட்டுவருவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுனாமிக்குத் தப்பிய மரம் அது.

2025 மார்ச் 16
எண்ணெய் உவமை பிழை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எண்ணெயும் தண்ணீரும் கலக்காது, உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் மெல்ல மெல்லக் கலக்கும். சரி, வாபஸ். கனம் குறைந்தது மேலே நிற்கும் என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தென்னை எப்படித் தப்பியது என்று மூன்று பேர். தென்னைக்கு உப்பில் இருக்கிற குளோரின் வேண்டும். கன்று நடும்போது குழியில் உப்புப் போடுகிற பழக்கம் உங்கள் தாத்தாவுக்கும் இருந்திருக்கும். அதற்காக ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் தென்னையும் சாகும்.

2025 ஏப்ரல் 2
இது உலகத்தில் வேறெங்காவது நடக்கிறதா, இல்லை உங்கள் அக்கா வீட்டுக் கொல்லையில் மட்டுமா? நக்கலாகக் கேட்டாலும் நல்ல கேள்வி.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள், பேய்க்காடு என்று. நாம் பட்டமரக்காடு என்போம். வட கரோலினாவில் அலிகேட்டர் ரிவர் என்ற காட்டுயிர்ச் சரணாலயம். பெரும்பகுதி கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் கூட இல்லை. 1985க்கும் 2019க்கும் நடுவில் அந்தச் சரணாலயத்தில் 11 சதவீதம் பட்டமரக்காடாகிவிட்டதைச் செய்மதிப் படங்களை வைத்துக் கணக்கெடுத்தார்கள். சைப்ரஸ், பைன், வெள்ளைச் சீடர் எல்லாம் பட்டை உரிந்து எலும்பு மாதிரி நிற்கின்றன. கீழே உப்புப் புல்லும் புதரும். வறட்சி ஒன்று நீண்டுபோய்க் கிடந்தபோது 2011இல் ஐரீன் புயல் வந்து கடலைத் தள்ளி உள்ளே விட்டது. அதற்கு அடுத்த வருடம் செத்த மரம்தான் அதிகம்.

எனக்கு இதில் உறைத்தது வேறு. அந்தப் பக்கம் முன்னே விவசாயத்துக்கும் மரம் வெட்டவும் சதுப்பை வடிய வைக்க நேர்நேராகக் கான் (வடிகால்) வெட்டியிருக்கிறார்கள். தோட்டத்தில் இருப்பவர்களுக்குக் கான் வெட்டு என்றால் என்ன என்று சொல்ல வேண்டாம். இங்கே மலைச்சரிவில் வெட்டுகிற கான் மழைத்தண்ணீரை மண்ணோடு அடித்துப்போகாமல் இறக்கிவிடும். ஒரே திசை, கீழ்த்திசை. தட்டையான கடலோரத்தில் கானுக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. அன்றைக்கு நல்ல தண்ணீர் வெளியே போன வழியில் இன்றைக்குக் கடல் உள்ளே வருகிறது, காட்டின் நடு வயிற்றுக்கே.

அக்காவிடம் கேட்டேன். பத்து வருடம் முன்னே வெள்ளம் வடிய என்று களப்புக்கு ஒரு வாய்க்கால் வெட்டினார்களாம். மருதமரத்துக்கு இருபதடி தள்ளித்தான் போகிறது.

2025 ஏப்ரல் 3
நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தேன். வாய்க்கால்தான் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன மாதிரி இருக்கிறது. இன்னும் சொல்லவில்லை.

2025 ஏப்ரல் 20
மழை இல்லை. மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றிக்கொண்டு வருகிறது. தண்ணீர் இன்னும் இறங்கினால் பழைய மஸ்கெலியா தெரியும். 1969இல் அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன ஊர். கோயில் வெளியே வரும், பள்ளிவாசல், விகாரை எல்லாம் வரும். சனம் வந்து படம் பிடிக்கும், யாராவது ஒரு கிழவி சூடம் கொளுத்திவிட்டுப் போவாள். என் அப்பா சின்ன வயதில் அந்தக் கோயில் திருவிழாவில் காணாமல் போனவர். கண்டுபிடித்ததும் தாத்தா போட்ட அடியைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கேயோ போகிறேன். சொல்ல வந்தது, இந்தத் தண்ணீர் போகிற இடம் கடல். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து களனி கங்கை, 145 கிலோமீட்டர் ஓடிக் கொழும்பில் கடலில் விழுகிறது. ஆறு இளைத்தால் கடல் ஆற்றுக்குள் ஏறும். உப்புத் தண்ணீர் கனம், அதனால் ஆற்றின் அடியோடு ஒட்டி ஆப்பு மாதிரி உள்ளே நுழையும். மேலே கையால் அள்ளிக் குடித்தால் இனிக்கும், அடியில் உப்பு. களனியில் மணலை அள்ளி அள்ளி ஆற்றின் அடியே பள்ளமாகிவிட்டதால் அந்த ஆப்புக்கு இன்னும் வசதி. கொழும்புக்குக் குடிதண்ணீர் எடுக்கிற அம்பத்தலை வரைக்கும் வறட்சியில் உப்பு வந்து, மணல் மூட்டை அடுக்கி மறித்த காலம் உண்டு.

ஆக, கடல் உயர்வது ஒரு பக்கம். 1901இலிருந்து 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர்தான் ஏறியிருக்கிறது, ஒரு சாண். அந்தச் சாணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மறுபக்கம் தெரியாது. மேலேயிருந்து இறங்கி வந்து கடலைத் தள்ளி நிறுத்துகிற நல்ல தண்ணீர் குறைகிறது. அந்தத் தண்ணீர் எங்கள் மலைத் தண்ணீர். கம்பளி போர்த்தியவனுக்கு என்ன கவலை என்று கேட்டவர் கவனிக்கவும்.

2025 ஏப்ரல் 21
"கொழும்பில் களனி முகத்துவாரத்தில் காடு எங்கே இருக்கு? மதிலும் கொட்டிலும்தான் இருக்கு." உண்மை. குடிதண்ணீர்க் கதையைக் காட்டுக் கதையோடு ஒட்டிவிட்டேன். தண்ணீரின் குணம் ஒன்றுதான் என்பதால் விட்டுவைக்கிறேன்.

2025 மே 1
விடுமுறை. ஊர்வலத்துக்குப் போகவில்லை, முழங்கால் வலி. அதனால் திருத்தம் எழுதுகிறேன்.

போன பதிவின் தொனியில் அணை கட்டியதால்தான் கீழே உப்பு ஏறுகிறது என்று ஒரு வாடை இருக்கிறது. மின்சாரத்துக்குக் கட்டிய அணை மழைக்காலத்தில் பிடித்து வைத்துக் கோடையில் திறந்துவிடும், விசையாழி சுற்ற வேண்டுமே. அந்த மட்டில் கோடையில் ஆற்றுக்கு அது உதவிதான். மகாவலி விஷயம் வேறு. 335 கிலோமீட்டர் ஆறு, 1976இல் பொல்கொல்லையில் மறித்து ஒரு பங்கைச் சுரங்கம் வழியே வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். பிறகு 80களில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலை. திருப்பிய தண்ணீர் வயலுக்குப் போயிற்று, நெல் விளைந்தது, அந்தச் சோற்றை நானும் தின்கிறேன். மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் போய்ச் சேர்கிற ஆறு பழைய ஆறு இல்லை என்பதும் நிஜம்.

எந்த அணையும் செய்கிற ஒரு காரியம் மண்ணைப் பிடித்து வைப்பது. கண்டல் காடு கடலோடு போட்டி போட்டு மேலே வர வேண்டுமானால் ஆறு கொண்டுவருகிற வண்டலும் தன் வேர்க் குப்பையும் சேர்ந்து தரை உயர வேண்டும். இப்போது கடல் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் வீதம் ஏறுகிறது. 6, 7 மில்லிமீட்டரைத் தாண்டினால் கண்டலால் ஈடுகொடுக்க முடியாது என்று 2020இல் பழைய படிவுகளைத் தோண்டிப் பார்த்த ஆராய்ச்சி சொன்னது. கடல் ஏறினால் கண்டல் பெருகும் என்ற நண்பருக்கு இது. ஓரளவுக்கு மேல் கண்டலும் மூழ்கும். பின்னால் நகரலாம்தான், பின்னால் ரோடும் மதிலும் இறால் குளமும் இல்லாவிட்டால்.

2025 மே 25
சுந்தரவனம் பற்றி ஒருவர் நீளமாக எழுதியிருந்தார், நன்றி. கங்கை முகத்துவாரத்தில் ஏறக்குறைய 10,000 சதுர கிலோமீட்டர் கண்டல் காடு. அந்தக் காட்டுக்கே பேர் கொடுத்ததாகச் சொல்லப்படுகிற சுந்தரி மரம் உச்சி பட்டுச் சாகிறது. ஆக, கண்டல் காட்டுக்குள்ளேயே உப்பு தாங்கும் சாதி, தாங்காத சாதி என்று உண்டு. சுந்தரிக்கு உப்பு குறைவான தண்ணீர் வேண்டும். 1975இல் பரக்கா அணை வந்து கங்கையின் தண்ணீரைப் பிரித்ததையும் கடல் ஏறுவதையும் பூச்சி, பூஞ்சையையும் சேர்த்தே காரணம் சொல்கிறார்கள். அக்காவின் மருதும் உச்சியிலிருந்துதான் படுகிறது. உச்சிதான் வேருக்குத் தூரம், தண்ணீர் போதாவிட்டால் முதலில் காய்வது அங்கே.

2025 ஜூன் 14
இதுவரை எழுதியதற்கெல்லாம் எதிர்க்கதை ஒன்றை நானே கொண்டுவருகிறேன். வேறு யாராவது கொண்டுவந்தால் முகத்தில் கரி.

கிரிந்தி ஓயா பண்டாரவளைப் பக்கம் எங்கள் மலையில்தான் பிறக்கிறது. தெற்கே இறங்கி லுணுகம்வெஹெர குளத்தை நிறைத்து வயலுக்குப் போகிறது. வயல் குடித்து மிஞ்சிய தண்ணீர் பூந்தலப் பக்கத்துக் களப்புகளில் வடிந்தது. ஈரநிலங்களைக் காக்கிற ராம்சார் உலக ஒப்பந்தத்தில் இலங்கை முதலில் சேர்த்த இடம் அது, பூநாரைக்குப் பேர்போன இடம். அங்கே நடந்தது உப்பு கூடியதல்ல, உப்புக் குறைந்தது. எம்பிலிகல, மலல என்ற இரண்டு களப்பும் நல்ல தண்ணீராகி, சம்புப் புல் பிடித்து, இறால் குறைந்தது. மலையிலிருந்து நல்ல தண்ணீர் கூடுதலாகப் போனாலும் கடலோரம் கெடும்!

அப்படியானால் என் கட்சி என்ன? ஒரு இரவு முழுக்க யோசித்தேன். ஒவ்வொரு கடலோரத்துக்கும் அதன் கணக்கு இருக்கிறது, வாளிக்கு எத்தனை பேணி என்று. அந்தக் கணக்கில்தான் அங்கே உள்ள மரமும் மீனும் பிழைக்கிறது. பேணியைக் கூட்டினாலும் குறைத்தாலும் யாரோ ஒருவர் சாகிறார். கடல் ஏறுவது பேணியைக் கூட்டுகிற ஒரு கை. ஆற்றை மறிப்பது, கான் வெட்டுவது, மணல் அள்ளுவது எல்லாம் மற்றக் கைகள்.

2025 ஜூலை 8
கண்டல் நட்டால் சரியாகிவிடும் என்று நிறையப் பேர். நானும் நட்டிருக்கிறேன், ஐயா.

மகன் படித்த காலத்தில் ஒரு அமைப்பு பஸ் பிடித்துப் பிள்ளைகளையும் பெற்றோரையும் புத்தளம் பக்கம் கூட்டிப்போயிற்று. மலைப்பிள்ளைகளில் பாதிக்கு அன்றைக்குத்தான் கடல். தொப்பி, பனர், பிஸ்கட் பக்கெட். கண்டல் வித்து மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரி தொங்கும், அதைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். சேற்றில் குத்திக்கொண்டே போக வேண்டியதுதான், வரிசை வரிசையாக, தேயிலை நடுகிற மாதிரி. எனக்கு அப்போதே கை கூசியது. இடம் மிகத் தாழ்வு. கடல் வற்றியிருந்த நேரம் என்பதால் தரை தெரிந்தது. பக்கத்தில் தானாக முளைத்த கண்டல் எல்லாம் கரைப்பக்கம் இருபது அடி தள்ளி மேட்டில் நிற்கிறது. மரமே "இங்கே வரமாட்டேன்" என்று சொன்ன இடத்தில் நாங்கள் குத்திக்கொண்டிருந்தோம். தவறணைக்காரன் என்ற திமிரில் பொறுப்பாக நின்ற பையனிடம் கேட்டேன். "மேல காணி வேற ஆளுடையது அங்கிள்" என்றான்.

அடுத்த வருடம் அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். அடையாளத்துக்கு ஊன்றிய மூங்கில் குச்சி இருந்தது. குச்சியில் ஒரு மீன்கொத்தி இருந்தது.

2025 ஜூலை 9
என் ஒரு அனுபவத்தை வைத்து ஊரைத் திட்டுகிறேன் என்றால் இந்தக் கணக்கைப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நட்ட 23 இடங்களைப் போய்ப் பார்த்து 2017இல் ஓர் ஆய்வு வந்தது. நட்டது 1,000 முதல் 1,200 ஹெக்டேர், தேறியது 200 ஹெக்டேரும் கொஞ்சமும். 9 இடத்தில் ஒரு கன்று கூட இல்லை. தப்பான தாழ்வில் நட்டது, ஆடுமாடு, நட்டபிறகு எட்டிப்பார்க்காதது என்றுதான் காரணங்கள்.

இதே நாடுதான் 2015இல் கண்டல் காடு முழுவதையும் காப்பதாக உலகத்திலேயே முதலில் அறிவித்தது. இப்போது நல்ல வேலையும் நடக்கிறது, கைவிட்ட இறால் குளங்களுக்குள் தண்ணீர் ஓட்டத்தைத் திரும்ப விட்டுக் கண்டல் வரவைக்கிறார்கள். தண்ணீர் வழியைச் சரி பண்ணினால் வித்து தானாக மிதந்து வந்து பிடித்துக்கொள்ளும். பனரும் பிஸ்கட்டும் தேவைப்படாது.

2025 ஓகஸ்ட் 17
சித்தப்பா மகள் குடும்பம் வந்திருந்தது, ஹோட்டன் சமவெளிக்குப் போனோம். 2,000 மீட்டருக்கு மேலே, விடிய முன்னே குளிர் எலும்பைக் கடிக்கிறது. தொட்டுபொலக் கந்தைப் பக்கம் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் பட்ட மரங்கள், பாசி தாடி மாதிரி தொங்குகிறது. 70களின் கடைசியிலிருந்து பேசப்படுகிற விஷயம்தான் இது. காரணம் வறட்சி என்கிறார்கள், நோய்க்கிருமி, மண்ணில் சத்துக்குறைவு, காற்று மாசு என்கிறார்கள், ஒரே முடிவு இல்லை. உப்பு மட்டும் நிச்சயமாக இல்லை. வட கரோலினாப் படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

இன்னொன்று. அங்கே படுகிற மரங்களில் கீனா ஒன்று. அது யார் தெரியுமா? புன்னையின் இனம். நெய்தல் பாட்டில் கடற்கரை மணலில் நிற்கிற, தலைவி கூடப்பிறந்தவளாக நினைத்து வெட்கப்பட்ட அதே புன்னையின் மலைச் சொந்தம். ஒருத்தி கடலோரம் வாக்கப்பட்டாள், ஒருத்தி மலையில். எங்கள் குடும்பம் மாதிரி.

மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலைமாடு அந்தச் சமவெளிதான். பனிமூட்டத்தை இலையில் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு இறக்குவது இந்தக் கீனாக் காடுதான். மேலே மரம் பட்டதால் கீழே மருது பட்டது என்று எழுத விரல் துடிக்கிறது. எழுதமாட்டேன். அக்கா வீட்டு ஆறு எங்கள் மலையில் பிறந்ததே இல்லை, வன்னிக் காட்டு மழையில் ஓடுகிற சின்ன ஆறு. ஏப்ரலில் "எங்கள் மலைத் தண்ணீர்" என்று மார்தட்டியதற்கு இதுவும் ஒரு திருத்தம்.

2025 ஓகஸ்ட் 30
1998இல் செத்த சின்னக் கன்றுகள் ஞாபகத்துக்கு வந்தன. அமெரிக்காவில் புளோரிடாக் கரையில் ஒரு பனைச் சாதி. பெரிய மரங்கள் பச்சையாக, காய்த்துக்கொண்டு நிற்கின்றன. கீழே குனிந்து பார்த்தால் கன்று இல்லை. விதை விழுகிறது, உப்பில் முளைக்கவில்லை, முளைத்தாலும் தங்கவில்லை. நிற்கிற மரம் வயதாகிச் சாகும்வரை தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது காடு.

அக்காவுக்குப் போன் போட்டேன். மருதுக்குக் கீழே, சுற்றி ஐம்பதடிக்கு, மருதங்கன்று எத்தனை என்று எண்ணச் சொன்னேன். "மாடு அவிழ்க்கவே ஆள் இல்ல, உனக்குக் கன்று எண்ணணுமா?" பேரனைக் கேட்கிறேன் என்றாள்.

2025 செப்டெம்பர் 21
பேரன் எண்ணிவிட்டான். மருது: பூஜ்யம். நாவல் கன்று ஒன்று, அதுவும் ஓரம் கருகியது, படம் அனுப்பினான். டீக்கறை. 27 வருடம் கழித்து அதே பழுப்பு.

கூடவே இன்னொரு படம். "தாத்தா, இது என்ன ஆணி ஆணியா?" மருதமரத்துத் தூரைச் சுற்றி ஈர மண்ணில் பென்சில் பருமனில் நூற்றுக்கணக்கான குச்சிகள் மேல்நோக்கி நிற்கின்றன. கண்ணாவின் மூச்சுவேர். வாய்க்கால் ஓரமாகவே ஏறி வந்திருக்கிறது. மரம் இன்னும் சின்னதுதான், வேர் மருதைத் தொட்டுவிட்டது.

மார்ச் 4ஆம் தேதி கேள்வி கேட்டவருக்கு இந்தப் படத்தைத் தனியாக அனுப்பினேன். "பெருகுதுன்னு நான் சொன்னேன்ல" என்று பதில் போட்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு சிரிப்பு, அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "மருது எத்தனை வயசு?"

2025 ஒக்டோபர் 5
மாரி மழை வரட்டும், ஒரு வருடம் பொறு, சுனாமிக்கு அப்புறம் துளிர்த்த மரம் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். "மழைக்காத்துல விழுந்தா மாட்டுக்கொட்டில் மேலதான் விழும். உன் ஆராய்ச்சிக்கு நான் மாட்டைப் பலி குடுக்கவா?" என்றாள். வியாழக்கிழமை ஆள் வைத்து வெட்டிவிட்டாள். உச்சி முழுக்க உளுத்திருந்ததாம், அடிமரம் நல்ல மரம், கதவு நிலைக்கு ஆகும் என்று தச்சர் எடுத்துப்போனார்.

கண்ணாவைப் பிடுங்கவா என்று கேட்டாள். வேண்டாம், விடு என்றேன். பிடுங்கினாலும் வரும் என்பது வேறு விஷயம். மாடு இப்போது புல்லைவிட்டு அந்த இலையைத்தான் தேடித் தின்கிறதாம். இலைக்குப் பின்னால் உப்பு பூத்திருக்கும், நாக்கு ருசிக்கு. பாலில் மாற்றம் ஏதும் தெரிகிறதா என்று கேட்டதற்கு, வந்து குடித்துப் பார் என்றாள். தைப்பொங்கலுக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.